ஊர்ச் சனம் செய்கிற வேலையால் ஊரின் மழை மாறுமா? வட்டைக் கூட்டத்தில் தொடங்கிய சண்டை

மேட்டுவட்டை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் கரடியனாற்றுக்கு உள்ளே எங்களுக்கு 6 ஏக்கர் மானாவாரி இருக்கிறது. புரட்டாசிக் கடைசியில் புழுதி விதைப்பை முடித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஆட்கள் நாங்கள். போன கிழமை மழை வந்தது. எங்கே? வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல் வட்டையில். அவர்களுக்கு வரம்பு வழியத் தண்ணீர். எங்கள் பக்கம் விதைத்த நெல்லை மயில் பொறுக்கிக்கொண்டு திரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வட்டைக் கூட்டத்திலும் இதே கதைதான். விதானையார் உரத்தைப் பற்றிப் பேச வந்தவர், பாவம், வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பெரியப்பா எழும்பி, "அந்த மில்லுப் புகைதான் மனே மழையக் கலைக்கிற" என்றார். மேற்கே காட்டை வெட்டியதுதான் காரணம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், கண்ணகி அம்மாளுக்குக் கொம்பு இழுத்து முறிக்கிற கொம்புமுறிச் சடங்கு நடத்தி எத்தனை வருடம், அம்மாள் எப்படி மழை தருவா என்று கேட்டார். பின்வரிசையில் ஒரு பெடியன் சிரித்துவிட்டான். மறுகா நடந்ததை இங்கே எழுத வேண்டாம்.

கேள்வி இதுதான். ஒரு ஊர்ச் சனம் செய்கிற வேலையால் அந்த ஊரின் மழை கூடவோ குறையவோ முடியுமா? பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆகவே விளங்குகிற மாதிரி எழுதுங்கள்.

கல்லடிப்பாலம் எழுதியது:

மில்லின் பெயரைப் போடாமல் விட்டது நல்லது. எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது. வெள்ளைச் சட்டை காயப் போட்டால் உமிக்கரி புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும், கையால் தட்டினால் இழுபட்டுக் கறையாகும். அம்மா காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் உடுப்பு விரிப்பா. மழையைக் கலைத்ததோ தெரியாது, எங்கள் வீட்டுச் சமாதானத்தைக் கலைத்தது.

வாடைக்காற்று எழுதியது:

மேட்டுவட்டை அண்ணன், உங்கள் கேள்விக்குள் இரண்டு விதமான மழை கலந்து கிடக்கிறது. முதலில் அதைப் பிரிப்போம்.

ஒன்று மாரி. மட்டக்களப்பில் வருடத்துக்குச் சராசரி 1,650 மில்லிமீற்றர் அளவில் மழை விழும், அதில் முக்கால் பங்கு ஐப்பசி தொடங்கி மாசிக்குள் வந்துவிடும். அந்த ஈரம் வங்காள விரிகுடாவில் எழும்பி, தாழமுக்கத்தோடும் வடகீழ்ப் பருவக்காற்றோடும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வருகிறது. 2011 தை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். மார்கழிக்கும் தைக்கும் இடையில், ஒரு வருடத்தில் விழ வேண்டியதுக்குக் கிட்டத்தட்டச் சமமான மழை கொட்டித் தீர்த்தது. அதைக் கூட்டவும் குறைக்கவும் கரடியனாற்றில் யாராலும் முடியாது, எத்தனை மில் ஓடினாலும்.

மற்றது இடிமழை. சித்திரையிலும் ஐப்பசியின் தொடக்கத்திலும் பின்னேரம் 2 மணிக்குப் பிறகு கறுத்துக்கொண்டு வருமே, அது. வானொலியில் "கிழக்கு, ஊவா மாகாணங்களில் மாலையில் அல்லது இரவில் இடியுடன் கூடிய மழை" என்று சொல்லிச் சொல்லியே நமக்குப் பாடமாகிவிட்ட மழை. தரை சூடேறிக் காற்று மேலே எழும்புவதும், கடற்காற்று உள்ளே வந்து மேற்குக் காற்றோடு முட்டுவதும் சேர்ந்துதான் அது பிறக்கிறது. ஒரு இடிமுகில் பத்துக் கிலோமீற்றர் அகலம் இருந்தாலே பெரிது, அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் அதன் ஆயுள் முடிந்துவிடும். அதன் விளிம்பு உங்கள் வாய்க்காலில் விழுந்தால் அந்தப் பக்கம் வெள்ளம், இந்தப் பக்கம் மயில். இதற்கு மில் தேவையில்லை.

தரையின் தன்மை, காடு, புகை, குளம் எல்லாம் கை வைக்க முடிந்தால் இந்த இரண்டாவது மழையில்தான் முடியும். அதுவும் கொஞ்சம்தான்.

அக்கரைக்_காக்கா எழுதியது:

தம்பி வாடைக்காற்று, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் "கொஞ்சம்தான்" என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம் 1949இல் தொடங்கினபோது என் வாப்பா வாலிபன். இங்கினியாகலைக்குப் போகிற வழி முழுக்கக் காடு, பகலிலும் இருட்டு, யானைக்குப் பயந்து ஆட்கள் கூட்டமாகத்தான் போவார்கள் என்று சொல்லுவார். அந்தக் காடு எல்லாம் வயலாகவும் கரும்பாகவும் மாறியது. "காடு இருக்கக்குள்ள சித்திர மழ தவறினதில்ல" என்று மௌத்தாகும் வரைக்கும் சொன்னார். படிக்காத மனிசர், ஆனால் அறுபது போகம் செய்தவர். அதை எப்படித் தள்ளுவது?

மழைத் தொழுகைக்கு நாங்களும் திடலில் நின்றிருக்கிறோம். கொம்புமுறியைப் பார்த்துச் சிரித்த அந்தப் பெடியனிடம் சொல்லுங்கள், மழை கேட்கிறவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. விதை நெல் கடனுக்கு வாங்கியவனுக்குத்தான் அது விளங்கும்.

வாடைக்காற்று எழுதியது:

காக்கா, வாப்பாவின் சொல்லைத் தள்ளவில்லை. காடு மழை தரும் என்பதற்குப் பெரிய ஆதாரம் அமேசானில் இருக்கிறது. அங்கே விழுகிற மழையில் ஏறத்தாழப் பாதி, காடே மூச்சாக விட்ட ஈரம் திரும்பி விழுவது என்று பிரேசில் விஞ்ஞானி எனேயாஸ் சலாத்தி 1970களில் மழைநீரைச் சோதித்துக் காட்டினார். மரம் ஆழத்து வேரால் கோடையிலும் தண்ணீரை இழுத்து இலை வழியாக விடும். அந்த ஈரம் மறுபடி முகிலாகி, இன்னும் உள்ளே போய் விழும்.

ஆனால் அமேசான் ஒரு கண்டத்தின் பெரும் பகுதி. நம் தீவின் மிகக் கூடிய அகலமே 225 கிலோமீற்றர் அளவுதான். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், பதினொரு பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்கிவிடும். ஈரம் நின்று சுழல இடம் எங்கே?

இன்னொரு விசித்திரம். காட்டின் நடுவே சின்னச் சின்னத் துண்டாக வெட்டினால், வெட்டிய இடம் சூடேறி, பக்கத்துக் காட்டின் குளிர்ந்த காற்றை இழுத்து, அங்கே மழை கூடுவதும் உண்டு. பிரேசிலின் றொண்டோனியாவில் அப்படித்தான் தொடங்கியது. வெட்டு பெரிதாகப் பெரிதாக மழை ஒரு பக்கத்தில் குறைந்து மறுபக்கம் நகர்ந்தது. ஆகவே "காடு வெட்டினால் மழை குறையும்" என்பது எந்த அளவுக்கு வெட்டினால் என்பதைப் பொறுத்தது. கல்லோயா அளவு அந்த எல்லைக்குள் வருமா வராதா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல நான் துணிய மாட்டேன். வாப்பா காலத்துச் சித்திரை மழையும் இன்றைய சித்திரை மழையும் வேறுபட, காட்டைத் தவிர இந்து சமுத்திரத்தின் சூடு, பசுபிக் சமுத்திரம் வழக்கத்தைவிடச் சூடேறுகிற எல் நினோ என்று இன்னும் பல காரணம் உண்டு. எல் நினோ வருடத்தில் பெரும்பாலும் நமக்கு ஐப்பசி கார்த்திகை மழை கூடும், தை தொடக்கம் பங்குனி வரை குறையும். கதிர் முற்றுகிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போன வருடங்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள், சிலது அதில் வரும்.

உன்னிச்சைப்_பிள்ளை எழுதியது:

சரி, புகைக்கு வாருங்கள். பெரியப்பா கேட்டது அதைத்தானே.

வாடைக்காற்று எழுதியது:

வருகிறேன். பெரியப்பா சொன்னதில் அரை உண்மை இருக்கிறது, கூட்டத்தில் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முகில் துளி பிடித்துக்கொள்ள ஒரு தூசி வேண்டும். கடல் உப்பு, மண் தூள், புகைத்துகள், எதுவும் சரி. புகை அதிகமானால் தூசியின் எண்ணிக்கை கூடும், இருக்கிற ஈரம் அத்தனைக்கும் பங்கு போகும். பத்துப் பேருக்கு ஆக்கிய சோற்றை ஆயிரம் பேருக்குப் பரிமாறின மாதிரி. எல்லாத் துளியும் பொடியாகவே நின்றுவிடும், ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து விழாது. போர்னியோவில் காடு எரிந்த புகைக்குள் அகப்பட்ட முகில்கள் மழை பெய்யாமல் போனதையும், பக்கத்தில் புகை படாத முகில்கள் பெய்ததையும் டானியேல் ரோசன்பெல்ட் செய்மதியால் பார்த்து 1999இல் எழுதினார்.

ஆனால் அது பெருங்காடு எரிந்த புகை. ஒரு மில்லின் புகைபோக்கி எங்கே, அது எங்கே. அதோடு நம் பக்கத்தில் கடல் உப்பு தாராளம். உப்புத்துகள் பெரிது, அதில் பெரிய துளி பிடிக்கும், மழைக்கு நல்லது. இன்னொன்று, நாம் புகை போடுகிற காலத்தைப் பாருங்கள். வெட்டு மெசின் போன பிறகு வைக்கோலுக்கு நெருப்பு வைப்பது மாசி பங்குனியில், பிறகு ஆவணியில். சேனைப் பயிருக்காகக் காட்டை வெட்டி எரிப்பதும் ஆவணி புரட்டாசியில்தான். புகை காற்றில் நிற்பது சில நாள், கூடினால் ஒரு கிழமை. ஐப்பசி மழைக்கு ஆவணிப் புகை சாட்சிக்கு வராது.

உண்மையில் பயப்பட வேண்டிய புகை வடக்கிலிருந்து வருகிறது. மார்கழி முதல் பங்குனி வரை இந்தியத் துணைக்கண்டத்தின் புகையும் தூசியும் விரிகுடாவுக்கு மேலே கம்பளம் மாதிரிப் பரவும். வீரபத்திரன் ராமநாதன் முதலானவர்கள் 1999இல் கப்பலும் விமானமும் கொண்டு அதை அளந்தார்கள். கடலில் விழுகிற வெயிலையே அது குறைக்கிறது. வெயில் குறைந்தால் ஆவி குறையும். மனிதக் கை மழையில் படுகிறது என்றால் இப்படித்தான், நூறு கோடிப் பேர் சேர்ந்து.

தீப்பந்தம் எழுதியது:

எல்லாரும் மில்லையும் காட்டையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மேலே விமானம் போய் மருந்து தூவி மலைநாட்டுக்கு மழையை இழுக்கிறார்கள், நமக்கு வர வேண்டிய மழை அது. இதை ஏன் ஒருவரும் பேசவில்லை?

வாடைக்காற்று எழுதியது:

2019 பங்குனியில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கப் பக்கம் விமானப்படை செயற்கை மழைக்கு முயன்றது உண்மை. ஆனால் முகிலை இழுக்க எந்த மருந்தும் இல்லை, தம்பி. ஏற்கனவே கறுத்து நிற்கிற முகிலுக்குள் உப்போ சில்வர் அயடைட்டோ தூவி, விழ இருந்த மழையைக் கொஞ்சம் முந்தி விழுத்தப் பார்க்கலாம். 1946இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேபர் உலர்பனியைத் தூவிய நாளிலிருந்து இன்றுவரை, தூவாவிட்டாலும் அது விழுந்திருக்குமா என்ற வாக்குவாதம் முடியவில்லை. சில்வர் அயடைட்டு உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த முகிலுக்குத்தான் உதவும். நம் தாழ்ந்த சூட்டு முகிலுக்குத் தாய்லாந்துக்காரர் மாதிரி உப்புத்தான். மவுஸ்ஸாகலை மேற்குச் சரிவில் இருக்கிறது. அங்கே தூவி, கரடியனாற்று மழையைக் களவெடுக்க வழியில்லை.

தீப்பந்தம் எழுதியது:

அப்படித்தான் சொல்லுவார்கள்.

ஸ்காபரோ_மாமாங்கம் எழுதியது:

கனடாவில் பனி தள்ளிவிட்டு வந்து வாசிக்கிறேன். மரத்தைப் பற்றிக் கதைக்கிறதால் ஒன்று சொல்ல வேண்டும். 1978 கார்த்திகை 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்குப் பத்து வயது. விடியப் பார்த்தால் எங்கள் தென்னந்தோட்டத்தில் ஒரு மரம்கூட நேராக இல்லை. எல்லாம் ஒரே திசைக்கு வாரிவிட்ட தலைமயிர் மாதிரிப் படுத்துக் கிடந்தது. கிணற்றடிக்குப் போக அப்பா கோடாலியோடு வழி வெட்டினார். கரையோரம் முழுக்க அப்படித்தான். அடுத்த வருடம் மழை வரவே வராது, மரம் எல்லாம் போய்விட்டது என்று ஊரில் சொன்னார்கள். ஆனால் எனக்கு நினைவிருப்பது, அடுத்த மாரிக்கு வீட்டுக் கூரை ஒழுகி, கூடாரத் துணிக்குக் கீழே புத்தகப்பையோடு உட்கார்ந்திருந்ததுதான். மழை வந்தது. நிழல்தான் வரப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது.

அக்கரைக்_காக்கா எழுதியது:

அதை நானும் பார்த்தேன் மகன். சரியாகச் சொன்னீர்கள்.

உன்னிச்சைப்_பிள்ளை எழுதியது:

எனக்கு வேறு சந்தேகம். குளமும் வயலும் நீரைக் காற்றுக்குக் கொடுக்கிறதே, அதனால் மழை கூட வேண்டுமே? பச்சை நெல் நிற்கிற வயல் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் அளவு ஆவியாக விடும் என்று படித்தேன். ஏக்கருக்கு 20,000 லீற்றர். உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே எத்தனை ஆயிரம் ஏக்கர்!

வாடைக்காற்று எழுதியது:

நல்ல கணக்கு. ஆனால் காற்றின் திசையைப் பாருங்கள். சிறுபோகத்தில் வயல் பச்சையாக நிற்கிற வைகாசி, ஆனி, ஆடியில் என்ன காற்று? கச்சான். மலையில் மழையை இறக்கிவிட்டு, வரண்டு சூடாகி, மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. அது உங்கள் 20,000 லீற்றரையும் தூக்கிக்கொண்டு நேரே கடலுக்குப் போகும். பின்னேரம் கடற்காற்று எதிர்த்து வந்தால் ஒரு பங்கு படுவான்கரைப் பக்கம் திரும்பலாம். மாரியிலோ காற்று வடகிழக்கு, நம் ஈரம் பிபிலை, பதுளைப் பக்கம் ஏறும். ஆக நம் வயலின் ஈரம் மழையாக விழுவது யாருக்கோ, நமக்கு அல்ல!

குளமும் நினைக்கிற மாதிரி இல்லை. பகலில் நீர்ப்பரப்பு தரையைவிடக் குளிர்ச்சி, அதனால் அதற்கு மேலே காற்று எழும்ப மறுக்கும். மதிய நேரத்துச் செய்மதிப் படத்தில் பெரிய குளத்துக்கு மேலே முகில் இல்லாமல் ஓட்டை விழுந்த மாதிரித் தெரியும், முகில் கரையைச் சுற்றி நிற்கும்.

இதை நம்பி மோசம் போன சனமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வரண்ட சமவெளிக்கு ஆட்களைக் குடியேற்றும்போது, உழுதால் மழை கலப்பைக்குப் பின்னே வரும் என்று சொன்னார்கள், படித்தவர்களும் சேர்ந்து. முதலில் சில வருடம் நல்ல மழை, எல்லாரும் நம்பினார்கள். 1890களில் வரட்சி வந்தது, வண்டி கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

கல்லடிப்பாலம் எழுதியது:

அப்படியென்றால் மனிதனால் உள்ளூர் மழை மாறினதாக எங்குமே நிரூபிக்கவில்லையா?

வாடைக்காற்று எழுதியது:

நிரூபித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரைச் சுற்றி 1971 முதல் 1975 வரை மழைமானியை வலை மாதிரி வைத்து அளந்தார்கள். நகரத்தைத் தாண்டிக் காற்று போகிற பக்கத்தில் கோடை மழை 5 முதல் 25 வீதம் வரை கூடியிருந்தது. கொங்கிறீற்றும் தாரும் சூடேறிக் காற்றை மேலே தள்ளுவதுதான் முக்கிய காரணம் என்று இப்போது சொல்கிறார்கள். ஆனால் அது 20 இலட்சம் சனத்துக்குக் கிட்ட வாழ்ந்த நகரம். கல்முனையிலிருந்து சாய்ந்தமருது வரை நெருக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது கடற்கரையோரம் ஒரு நாடா.

வரம்புக்_கொப்பி எழுதியது:

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு இருக்கிறேன், ஒருவராவது "உங்கள் வட்டையில் எத்தனை மில்லிமீற்றர்?" என்று மேட்டுவட்டைத் தம்பியிடம் கேட்கவில்லையே!

மழை குறைந்தது என்று சொல்கிறோம். குறைந்தது மழையா, நிலத்தில் நின்ற தண்ணீரா? எங்கள் வளவுக் கிணறு முன்பு ஆனி வரைக்கும் கையால் தொடுகிற ஆழத்தில் இருந்தது. இப்போது சித்திரையிலேயே வாளி தரையில் தட்டுகிறது. மழை அதே அளவு பெய்திருந்தாலும் இப்படி ஆகலாம். மேட்டில் மரம் போய்விட்டது, ஆற்றில் மணல் போய்விட்டது, பெய்த மழை ஒரே நாளில் வாவிக்கு ஓடிவிடுகிறது. வெப்பம் 1 பாகை கூடினால் காற்று 7 வீதம் கூடுதலாக ஈரம் தாங்கும், ஆகவே பெய்தால் ஒரேயடியாகக் கொட்டும். பத்து நாளில் ஆறுதலாக வந்ததும் ஒரு இரவில் கொட்டியதும் கொப்பியில் ஒரே எண்தான், பயிருக்கு ஒன்றல்ல.

மழைமானிக்குக் காசு தேவையில்லை. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனல் மாதிரிச் செருகுங்கள். என் போத்தலின் வாய் 9 சென்ரிமீற்றர் குறுக்களவு, பரப்பு 64 சதுர சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைய. விழுந்த தண்ணீரை மருந்தூசிக் குழாயால் அளந்தால் 64 மில்லிலீற்றருக்கு 10 மில்லிமீற்றர் மழை. காலை எட்டரைக்கு ஒருதரம் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். மரத்துக்குக் கீழே வைக்காதீர்கள். கம்பியால் கட்டையில் கட்டுங்கள்.

மேட்டுவட்டை எழுதியது:

ரீச்சர், வைத்துவிட்டோம். எங்கள் பக்கம் ஒன்று, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, வயல் காவல் வாடிக்குப் பக்கத்தில் ஒன்று. கூட்டத்தில் சிரித்த பெடியன்தான் பொறுப்பு.

மேட்டுவட்டை எழுதியது:

மூன்று நாள் எல்லாம் பூச்சியம். நாலாம் நாள் அந்தப் பக்கம் 19, எங்கள் பக்கம் 2. வாடிப் போத்தலை ஆடு முட்டி விழுத்திவிட்டது, கணக்கில் இல்லை.

வரம்புக்_கொப்பி எழுதியது:

கட்டையில் கட்டச் சொன்னேனே.

மேட்டுவட்டை எழுதியது:

கட்டித்தான் வைத்தோம், ஆட்டையல்லவா கட்ட மறந்தோம்.

மேட்டுவட்டை எழுதியது:

நேற்றுப் பின்னேரம் மூன்றரைக்குக் கறுத்தது. நாலே காலுக்கு வந்து, அரை மணியில் விட்டது. காலையில் பார்த்தால் எங்கள் பக்கம் 27, அந்தப் பக்கம் 6. ஒரு வாய்க்கால்தான் இடையில்! பெடியன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு பெரியப்பாவிடம் ஓடினான், மில் ஓடினாலும் மழை வருகிறது பாருங்கள் என்று காட்ட. பெரியப்பா கண்ணாடியைப் போட்டு இரண்டு எண்ணையும் பார்த்தார். பிறகு ஆறுதலாக வெற்றிலையை மடித்துக்கொண்டு, "நேத்து போயா லீவு மனே, மில்லு பூட்டு" என்றார்.

ரீச்சர், கொப்பியில் மில்லுக்கும் ஒரு நிரல் போட வேண்டும் போலிருக்கிறது.